ஒரே செடியாக இருந்த மூங்கில்

20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஐரோப்பியத் தோட்டங்களை அலங்கரித்த மூங்கில் ஒன்று, கணக்குப் பார்த்தால் ஒரே ஒரு செடிதான்.

பெயர் ஃபார்ஜீசியா மியூரிலே. சொந்த ஊர், மத்தியச் சீனாவின் ஹூபெய் மாகாணத்து மலைகள். அமெரிக்காவின் ஆர்னால்டு மரப் பூங்காவுக்காகச் சீனாவில் செடி திரட்டிய ஏர்னஸ்ட் வில்சன் 1907இல் அதைக் கண்டெடுத்தார். அவருடைய மகள் மியூரியலின் பெயரே அதற்கு நிலைத்தது. 1913இல் அது லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு நடந்ததெல்லாம் பங்கு பிரிப்பு: தூரை வெட்டி நடுவது, அது பெருத்ததும் அதையும் வெட்டி நடுவது. செடி பூக்கவே இல்லை என்பதால் விதைக்கு வழியில்லை.

1970களின் நடுவில் டென்மார்க்கில் பூத்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் நாடு நாடாகப் பூத்து, பூத்தவை காய்ந்து மடிந்தன. நம் மலைக் குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்வதை இந்த மூங்கில் எண்பது, நூறு ஆண்டுக்கு ஒருமுறை செய்கிறது. போன வருடம் நட்ட கன்றாக இருந்தாலும் தாய்ச்செடியின் வயதுதான் அதற்கும் வயது. ஆசையாக வாங்கி வைத்தவர்கள் பாவம்.

தோட்டக்காரருக்கு இது பண நஷ்டம். பாண்டாவுக்கு வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை. இந்தப் பேரினத்து மூங்கில்கள் சீன மலைக்காடுகளில் பாண்டாவின் முக்கிய உணவு. 1970களின் நடுவில் மின்ஷான் மலைத்தொடரில் மூங்கில் பூத்துச் சாய்ந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட பாண்டாக்கள் மாண்டதாகக் கணக்கு.

செத்த செடிகள் விதையை விட்டுப் போயின. இன்று நர்சரிகளில் விற்கும் சிம்பா, ஜம்போ, பிம்போ ரகங்கள் அந்த விதையில் முளைத்தவை. (பெயர் வைக்கும்போது சிங்கமும் யானையும் ஞாபகம் வந்தவர்களுக்குப் பாண்டா நினைவுக்கு வராதது ஆச்சரியம்.) புதுத் தலைமுறைக் கன்றுதானா என்று கேட்டு வாங்கினால், அடுத்த பூப்பைப் பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

மூங்கில் என்றாலே மேலை நாட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் பதறுவது, மண்ணுக்கடியில் வேலி தாண்டி ஓடும் இனங்களால். இது ஓடாது. இதன் அடித்தண்டு குட்டையாக, தடித்து, வளைந்து மேலே எழும்பிக் கழியாகிவிடும். அதன் பக்கத்து மொட்டிலிருந்து அடுத்தது. அதனால் குத்து ஆண்டுக்குச் சில விரற்கடைதான் அகலும். தடுப்புச் சுவர் தேவையில்லை.

வசந்த காலத்தில் குருத்து கிளம்பும்போதே கழி எவ்வளவு தடிமனோ அவ்வளவுதான். பிறகு உயரம் மட்டும் கூடும், அதுவும் ஒரே பருவத்தில். விரல் பருமனில் மூன்று நான்கு மீட்டர் உயரும். புதுக் கழியின் மேல் நீலம் கலந்த வெள்ளை மாவு படிந்திருக்கும், தொட்டால் விரலில் ஒட்டும். வயதானால் கழி மஞ்சளாகும். மழை பெய்தால் குத்து முழுவதும் தரை நோக்கிக் கவிழும், காய்ந்ததும் நிமிர்ந்துகொள்ளும். கட்டிவைக்க வேண்டியதில்லை.

குளிர் இதற்கு ஒரு பொருட்டல்ல. மைனஸ் 25 டிகிரியையும் தாங்கும். ஆகாதது வெப்பம். இரவிலும் புழுக்கம் தணியாத நம் சமவெளிக்கு இது சரிவராது. மதிய வெயில் படாத இடமும் ஈரம் காக்கிற, ஆனால் நீர் தேங்காத மண்ணும் வேண்டும். வெயில் அதிகமானாலோ தண்ணீர் போதாவிட்டாலோ இலைகள் நீளவாக்கில் சுருண்டு ஊசி மாதிரி ஆகிவிடும். அதைப் பார்த்துத் தண்ணீர் விட்டால் போதும். கடும் பனியிலும் சுருளும், அது இயல்பு. உதிர்ந்த இலையைக் கூட்டித் தள்ளாமல் தூரிலேயே மூடாக்காக விட வேண்டும். மூங்கிலுக்கு வேண்டிய சிலிக்கா அதிலிருந்து மண்ணுக்குத் திரும்புகிறது.

நடும்போது தொட்டியில் இருந்த ஆழத்துக்கு மேல் புதைக்கக் கூடாது. பிரிப்பதானால் குருத்து விடுவதற்கு முன்பே பிரிக்க வேண்டும். அடித்தண்டுகள் நெருக்கிப் பின்னியிருப்பதால் மண்வெட்டி போதாது, ரம்பம் எடுக்க நேரும். ஒவ்வொரு பங்கிலும் மூன்று நான்கு கழியாவது வேரோடு இருக்கட்டும்.