பழைய பிக்கப்புக்கு எந்தப் பட்டை?

மைசூருவிலிருந்து நஞ்சன்கூடு போகும் சாலையில் இருக்கிறது பண்டிபாளையா வேளாண் சந்தை. தக்காளியும் பீன்ஸும் வாழைத்தாரும் ஏற்றிய பிக்கப் வண்டிகள் மைசூருப் பக்கமிருந்து இரண்டு வழியாகத் தெற்கே இறங்குகின்றன. ஒரு வழி குண்டுலுப்பேட்டை, பந்திப்பூர் தாண்டி வயநாட்டுக்கும் நீலகிரிக்கும் போகிறது. மற்றது சாம்ராஜ்நகர், ஆசனூர் தாண்டி, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சத்தியமங்கலம் சேர்கிறது. பந்திப்பூர் காட்டுக்குள் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை வாகனங்களுக்குத் தடை இருக்கிறது. கேட் மூடுமுன் கடந்துவிட வேண்டுமென்று விரையும் வண்டிக்கு, அங்கே வனவிலங்குகளுக்காகப் போட்ட வேகத்தடை ஒவ்வொன்றும் அடியில் விழும் ஓர் அடி.

அந்த அடியை வாங்கிக்கொள்வது பின்அச்சோடு பூட்டி வில்போல் வளைந்து கிடக்கும் பட்டைக் கட்டு. டாடா நிறுவனம் 1988-ல் டாடா மொபைல் 206-ஐ இறக்கியதிலிருந்து, 207, மகிந்திராவின் பொலேரோ பிக்கப் என்று வண்டிகள் மாறினாலும் பின்பக்கத்துப் பட்டை மாறவில்லை. பத்துப் பதினைந்து வருடம் உழைத்த பிக்கப்பில் எஞ்சின் நன்றாகவே ஓடும். அடிப்பாகம்தான் முதலில் தளரும். பட்டறைக்கு வருகிறவர் பெரும்பாலும் கேட்பது ஒன்றே: "அண்ணே, ரெண்டு பக்கமும் ஒரு பட்டை கூட்டிப் போட்டுருங்க." செலவு குறைவு, பின்பக்கம் நிமிர்ந்துவிடும், லோடும் கூட ஏற்றலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கு ஏன் தவறு என்று புரிந்துகொண்டால், எந்தப் பாகத்தை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரு மில்லிமீட்டரின் பலம்

எஃகுப் பட்டைகளை அடுக்கிச் சுமையைத் தாங்கச் செய்யும் முறை மோட்டாருக்கு முந்தியது. இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் குதிரை வண்டிக்கான பட்டை வில்லுக்கு 1804-ல் காப்புரிமை பெற்றார். நம் ஊர் வில்வண்டியும் மைசூரு அரண்மனைப் பக்கம் ஓடும் டாங்காவும் இந்த வழியில் வந்தவைதான்.

ஒரே தடித்த பட்டையாகப் போடாமல் ஏன் பல மெல்லிய பட்டைகள்? இரண்டு மர ஸ்கேல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா வைத்து வளைத்துப் பாருங்கள். ஒரு ஸ்கேலைவிட இரண்டு மடங்கு பலம் வேண்டும். அவற்றையே பசைபோட்டு ஒட்டிவிட்டு வளைத்தால் எட்டு மடங்கு வேண்டும். பட்டையின் விறைப்பு தடிமனின் முப்படிக்கு ஏற்ப ஏறுகிறது. பல மெல்லிய பட்டைகளை அடுக்கினால் சுமையும் தாங்கும், வளைந்தும் கொடுக்கும். 8 மில்லிமீட்டர் பட்டை இருந்த இடத்தில் 9 மில்லிமீட்டர் பட்டையைப் போட்டால் விறைப்பு 40 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆகவே பட்டை வாங்கப் போகும்போது வெர்னியர் காலிப்பர் கையில் இருப்பது நல்லது.

பட்டைகளில் இரண்டு வகை. பழைய வகையில் ஒரே தடிமனுள்ள பல பட்டைகள் நீளத்தில் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். பாராபோலிக் வகையில் பட்டை நடுவில் தடித்து நுனியை நோக்கி மெலிகிறது. இரண்டு மூன்று பட்டைகளே போதும். முதல் வகையில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் குலுக்கல் ஓரளவு தானாகவே அடங்கும். பாராபோலிக்கில் அந்த உரசல் குறைவு. ஷாக் அப்சார்பர் செத்துப்போன பாராபோலிக் வண்டி வேகத்தடை தாண்டிய பிறகும் ஆடிக்கொண்டே போவது இதனால்தான். கம்பெனி எந்த வகையைப் போட்டதோ அதே வகையை வாங்குவதே முறை.

பட்டை கூடினால் பிரேக் குறையும்

ஏழு பட்டை இருக்கும் கட்டில் எட்டாவதைச் சேர்த்தால் கட்டு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு விறைக்கும். அச்சு, அதன் பேரிங், டயர், சேஸிஸ் எதுவும் அதனால் பலம் கூடுவதில்லை. மைசூரு ஹூட்டகள்ளித் தொழிற்பேட்டையில் உள்ள ஆட்டோமோட்டிவ் ஆக்சில்ஸ் நிறுவனம் 1981-ல் தொடங்கப்பட்டது. கனரக லாரிகளுக்கு அச்சு செய்கிறது. அங்கே செய்யும் அச்சானாலும் பிக்கப்பின் சிறிய அச்சானாலும், இவ்வளவு எடைதான் என்று கணக்கிட்டு வடிவமைத்தது. ஒன்றேகால் டன்னுக்குப் பதிவான வண்டியில் பட்டை கூட்டி இரண்டு டன் ஏற்றினால், பட்டை தாங்குவதுபோல் காட்டும். சேஸிஸில் பிராக்கெட் பூட்டிய இடத்தில் வெடிப்பு விடும். சட்டமும் சும்மா விடாது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக எடைக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

பலர் அறியாத இன்னோர் ஆபத்தும் உண்டு. பல பிக்கப்புகளில் பின்அச்சையும் சேஸிஸையும் இணைக்கும் மெல்லிய கம்பியோடு ஒரு வால்வு இருக்கும். சுமைக்கேற்பப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அதன் வேலை. வண்டி தாழ்ந்தால் லோடு இருக்கிறது என்று கொண்டு பின்பிரேக்குக்கு முழு அழுத்தம் விடும். உயர்ந்தால் காலி வண்டி என்று கொண்டு, சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காதபடி அழுத்தத்தைக் குறைக்கும். பட்டை கூட்டியதும் லோடோடு இருந்தாலும் வண்டி உயரமாகவே நிற்கிறது. வால்வு அதைக் காலி வண்டியாகவே எடுத்துக்கொள்ளும். திம்பத்தில் முழு லோடோடு இறங்கும்போது பின்பிரேக் பாதிதான் பிடிக்கும். எல்லாப் பாரமும் முன்பிரேக்கின்மேல் விழுந்து அது சூடேறும். வளைவுக்கு வளைவு பிரேக் மிதிக்க வேண்டிய பாதையில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

திரும்பி வரும்போது வண்டி காலி. விறைத்த பட்டை காலி வண்டியில் வளைந்தே கொடுக்காது; பின்சக்கரம் சாலையை விட்டு எம்பி எம்பி விழும். மழைக்காலத்து வளைவில் பின்பக்கம் வழுக்குவதற்கு இது ஒரு காரணம். சில நாள் நிறைய லோடு, சில நாள் காலி என்று ஓடுகிறவர்கள், அந்த மாடலுக்குக் கம்பெனியே ஹெல்பர் பட்டை உள்ள கட்டு கொடுத்திருந்தால் அதை வாங்கலாம். கட்டின் மற்ற பட்டைகள் ஓரளவு வளைந்த பிறகே அது சுமையில் சேரும். காலி வண்டியில் சும்மா இருக்கும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியது

பின்பக்கம் தாழ்ந்ததற்குப் பட்டைதான் காரணமா என்று முதலில் தெரிய வேண்டும். சமதளத்தில் காலி வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து நேர்மேலே பாடி விளிம்புவரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் அந்தப் பக்கம் ஒரு பட்டை உடைந்திருக்கலாம். வெடிப்பு பெரும்பாலும் பட்டைகளை நடுவில் கோர்க்கும் சென்டர் போல்ட்டின் ஓட்டையிலும், பட்டை நுனியில் உள்ள கண்ணின் வளைவிலும் தொடங்கும். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தால்தான் தெரியும். இரண்டு பக்கமும் தாழ்ந்திருந்தால் எஃகு களைத்துவிட்டது.

களைத்த பட்டையைச் சூடுபோட்டு நிமிர்த்தித் தருகிற இடங்கள் உண்டு. பட்டைக்குப் பலம் கொடுப்பது எஃகைக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்தும் வேலை. பிறகு சிறு எஃகுக் குண்டுகளை வேகமாக அடித்து மேல்தோலை இறுக்குவார்கள். அதனால் வெடிப்பு எளிதில் விடாது. கேஸ் வெல்டிங் நெருப்பு இந்தப் பதம் இரண்டையும் கெடுத்துவிடும். உடைந்த பட்டையை வெல்டிங் வைப்பதும் அப்படித்தான்.

பழைய கட்டில் ஒரே ஒரு புதுப் பட்டையைச் செருகுவதும் நல்லதல்ல. மற்றவை தளர்ந்திருக்க, வளைவு அதிகமுள்ள புதியது மற்றவற்றின் பங்கையும் சேர்த்துச் சுமந்து சீக்கிரம் உடையும். முழுக் கட்டாக, இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரே பெயருள்ள வண்டியிலும் வருடத்துக்கு வருடம் அளவு மாறியிருக்கும். சேஸிஸ் நம்பரைச் சொல்லிப் பார்ட் நம்பர் வாங்கி, கழற்றிய கட்டோடு நீளம், அகலம், பட்டை எண்ணிக்கை, கண்ணின் விட்டம், சென்டர் போல்ட் இருக்கும் இடம் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். சென்டர் போல்ட் பல வண்டிகளில் சரிபாதியில் இருக்காது. திருப்பிப் பூட்டினால் அச்சு நகர்ந்துவிடும்.

ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குவதில்லை. பட்டையின் ஆட்டத்தை அடக்குவதே அதன் வேலை. மேலெல்லாம் எண்ணெய்க் கசிவு தெரிந்தாலும், வேகத்தடைக்குப் பின் வண்டி இரண்டு மூன்று தடவைக்கு மேல் ஆடினாலும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. நீட்டிய நீளமும் மடக்கிய நீளமும் பழையதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். முன்பக்கத்தில் சில மாடலுக்குப் பட்டை, சிலதுக்குச் சுருள் ஸ்பிரிங், சிலதுக்கு டார்ஷன் பார். டார்ஷன் பாரில் இடது வலது குறி இருக்கும். மாற்றிப் போடக் கூடாது.

பூட்டும் முறை

நல்ல பாகமும் தவறாகப் பூட்டினால் சீக்கிரம் போய்விடும். பட்டைக் கட்டையும் அச்சையும் சேர்த்துப் பிடிக்கும் யு போல்ட்டை மறுபடி பயன்படுத்தாதீர்கள். ஒருமுறை முழு இறுக்கம் வாங்கியதும் அது நீண்டுவிடுகிறது. புது யு போல்ட்டைக் குறுக்குமறுக்காக, டார்க் ரெஞ்சால் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்க்க வேண்டும். அது தளர்ந்தால் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு அச்சு இடம் மாறும். வண்டி நேர்ச்சாலையிலும் ஒருபக்கமாகச் சாய்ந்து போகும்.

பட்டையின் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கித் திரும்புகிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, அச்சு தொங்கும்போதே, பட்டை நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளின் போல்ட்டை இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். சில மாதத்தில் கிழியும். சக்கரம் தரையில் நின்று பட்டைமேல் வண்டியின் எடை விழுந்த பிறகே கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். பட்டறையில் நின்று இதை ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு. உயரம் மாறியிருந்தால் பிரேக் வால்வின் கம்பியையும் அளந்து சரிசெய்யச் சொல்லுங்கள்.

எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். அதற்குச் சில வாரம் முன்பே பட்டை, புஷ், ஷாக் அப்சார்பர், பிரேக் வால்வு நான்கையும் ஒன்றாகப் பாருங்கள். இவை சேர்ந்துதான் சுமையைத் தாங்கி வண்டியை நிறுத்துகின்றன. கூடுதல் பட்டைக்குச் செலவழிக்கும் பணத்தில் புஷ்ஷும் யு போல்ட்டும் மாற்றினாலே பல வண்டிகள் பழைய நிதானத்துக்கு வந்துவிடும். பழைய பிக்கப்புக்கு நாம் செய்யக்கூடிய நல்ல காரியம், அது பிறந்தபோது என்ன எடைக்குச் செய்யப்பட்டதோ அந்த எடையை மறுபடி ஒழுங்காகச் சுமக்க வைப்பதுதான்.