பிடித்த சம்பளத்தைத் திரும்பப் பெற வழி உண்டு

1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமான வேலையில் தொழிலாளிக்குக் குறைந்தபட்ச நாள்கூலி ரூ.9.25. கைக்கு வந்தது ரூ.8.25. மிச்ச ஒரு ரூபாய், ஆள் கூட்டிவந்த ஜமேதாரின் கமிஷன். மனித உரிமை அமைப்பு ஒன்று நீதிபதி பி.என்.பகவதிக்கு எழுதிய கடிதமே உச்ச நீதிமன்றத்தில் வழக்கானது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது, அரசியலமைப்பின் 23-வது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று தீர்ப்பு வந்தது.

ஜமேதாரின் இடத்தில் இன்று மேன்பவர் ஏஜென்சி. லேட் ஃபைன், உடைந்த கிளாஸ், கல்லாவில் குறைந்த பணம் என்று பிடித்தத்துக்குப் பெயர்கள் மட்டும் பெருகியிருக்கின்றன.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு (2019) இதில் கறாராகவே பேசுகிறது. பழைய 1936 சட்டம், கடைசி நிலவரப்படி மாதம் ரூ.24,000 வரை வாங்குவோரை மட்டுமே பாதுகாத்தது. இப்போது அந்த வரம்பு இல்லை. சூப்பர்வைசரும் மேனேஜரும்கூட உள்ளே வருகிறார்கள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வந்தாக வேண்டும். வேலையை விட்டவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளக் கணக்கை முடிக்க வேண்டும். ‘செட்டில்மென்ட்டுக்கு 45 நாள் ஆகும்’ என்று எச்.ஆர். சொல்வது கம்பெனி வழக்கம், சட்டம் அல்ல.

சட்டம் அனுமதித்த காரணங்களுக்குத் தவிர வேறெதற்கும் சம்பளத்தில் கைவைக்க முடியாது. அனுமதித்தவை எல்லாம் சேர்ந்தாலும் பாதிச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. அபராதத்தின் உச்சவரம்பு 3 சதவீதம்: ரூ.15,000 வாங்குபவரிடம் மாதத்துக்கு ரூ.450. அதையும் விளக்கம் கேட்ட பிறகே விதிக்கலாம், தவணையில் பிடிக்க முடியாது, 90 நாள் கடந்தால் வசூலிக்கவே முடியாது. வசூலான தொகை தொழிலாளர் நலனுக்குத்தான் போக வேண்டும், முதலாளியின் பைக்கு அல்ல. வராத நேரத்துக்கு மேல் சம்பளம் வெட்டவும் உரிமை இல்லை. பத்து நிமிடத் தாமதத்துக்கு அரை நாள் கூலி போவது பச்சை அநியாயம். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்துக்கொண்டு, உரிய முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வேலைக்கு வராவிட்டால், எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்க இடமுண்டு. கோபத்தில் கூட்டமாக வெளியேறுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பி.எஃப். பிடித்தம் தனிக் கதை. சம்பளச் சீட்டில் கழித்துவிட்டு பி.எஃப். அலுவலகத்தில் கட்டாமல் விடுவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவின்படி நம்பிக்கை மோசடிக் குற்றமாகும். யு.ஏ.என். பாஸ்புக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

இழந்ததை மீட்க முதல் வேலை, வாய்ப்பேச்சை எழுத்தாக்குவதுதான். எத்தனை நாள் வேலை, எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்ற நாலு வரியை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ, இன்னும் நல்லது ஸ்பீட் போஸ்டிலோ அனுப்பிவிட வேண்டும். ‘அடுத்த வாரம் தர்றேன்’ என்று பதில் வந்தால் அதுவே பாக்கியை ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி. பணி ஆணை இல்லையே என்று பலர் தயங்கி நின்றுவிடுகிறார்கள். ஜிபே வரவு, இ.எஸ்.ஐ. எண், ஷிப்ட் அட்டவணையின் போட்டோ, வாட்ஸ்அப் குரூப் செய்திகள் எதுவானாலும் வேலை பார்த்ததைக் காட்டும். சம்பளம் தந்துவிட்டதாக நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது.

பதில் வராவிட்டால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கோரிக்கை மனு கொடுக்கலாம். தொழிலாளி தானாகவும் கொடுக்கலாம், சங்கம் வழியாகவும் கொடுக்கலாம். பாக்கியோடு அதைப் போலப் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க விசாரணை அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. உத்தரவுக்குப் பிறகும் தராதவரிடம், கலெக்டர் மூலம் நிலவரி பாக்கி வசூலிப்பது போல வசூலிக்கலாம். மூன்று மாதத்தில் முடிவெடுக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறை அதைவிட மெதுவாகத்தான் நகரும் என்பதால் தாமதிக்காமல் தொடங்குவது நல்லது.

மனுவுக்கான காலக்கெடு மூன்று ஆண்டு. வக்கீல் வைக்க வசதியில்லை என்பவர்களுக்கு 15100 என்ற தேசியச் சட்டப் பணிகள் உதவி எண் இருக்கிறது. பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அங்கே இலவசச் சட்ட உதவி கிடைக்கும்.