'நோட்டுல எழுதிக்கோங்க அண்ணாச்சி!': மல்லாங்கிணறு பக்கத்து மளிகைக் கடைகள் தாக்குப்பிடித்த கதை

செல்போனில் ஒரு பொருளை ஆர்டர் போடுகிறீர்கள். பணம் கட்டும் இடத்தில் 'இப்போ வாங்குங்க, அப்புறமா கட்டுங்க' என்று ஒரு பட்டன். அதைத் தட்டினால் பான் கார்டு கேட்கும், சிபில் ஸ்கோர் பார்க்கும், தவணை தவறினால் அபராதம் போடும்.

இதே வசதி விருதுநகர் மாவட்டம் மல்லாங்கிணறு வட்டாரத்தில் பல தலைமுறையாக இருக்கிறது. அங்கே பட்டன் கிடையாது. "அண்ணாச்சி, நோட்டுல எழுதிக்கோங்க" என்று சொன்னால் போதும். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் பைக்குள் வந்துவிடும். பணம்? வெள்ளாமை வீடு வந்து சேர்ந்த பிறகு.

இந்த நோட்டு எங்கிருந்து வந்தது? வறண்ட பூமியில் அது ஏன் அவ்வளவு முக்கியமாக இருந்தது? ரேஷன், ஷாம்பு சாஷே, யுபிஐ என்று ஒவ்வொன்றாக வந்த பிறகு அது என்ன ஆனது? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

பேரில் கிணறு, பிழைப்பு மழையில்

மல்லாங்கிணறு, காரியாபட்டி வட்டத்தில் இருக்கும் ஒரு பேரூராட்சி. கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனுக்கும், 2023-ல் தமிழ்நாட்டின் நிதி அமைச்சர் பொறுப்பேற்ற அவரது தம்பி தங்கம் தென்னரசுக்கும் சொந்த ஊர் என்று சொன்னால் பலருக்குச் சட்டென்று பிடிபடும்.

பேரிலேயே கிணறு இருந்தாலும், அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி பக்கமெல்லாம் விவசாயம் பெரும்பாலும் மானாவாரிதான். பருத்தி, மக்காச்சோளம், கம்பு, உளுந்து, மல்லி, மிளகாய் என்று வானத்தைப் பார்த்து விதைக்கும் பயிர்கள். வடகிழக்குப் பருவமழையை நம்பி புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பார்கள். காசு கையில் வருவது தை, மாசிக்கு மேல்.

அதாவது செலவு 12 மாதமும் இருக்கும், வரவு ஆண்டுக்கு ஒரு முறைதான். மாதச் சம்பளக்காரருக்கு மாசக் கடைசியில் வரும் இழுபறி, இங்கே மாதக்கணக்கில் நீளும். அந்த இடைவெளியை அடைத்தது வங்கி இல்லை, தெருமுனை மளிகைக் கடை.

எல்லாச் சரக்குக்கும் விலை சொன்ன ஊர்

இந்த வட்டாரத்தின் எந்தக் கடையைப் பற்றிப் பேசினாலும் விருதுநகரை விட்டுவிட்டுப் பேச முடியாது. 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று கடலை எண்ணெய், பாமாயில், பருப்பு, மல்லி, வத்தல் விலைகளைத் தமிழ் நாளிதழ்கள் வாராவாரம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். விருதுநகரில் எதுவும் விளையாது, ஆனால் எல்லாவற்றுக்கும் விலை அங்கேதான் முடிவாகும் என்று அந்தப் பக்கம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாளையக்காரர் போர்கள் முடிந்து பிரிட்டிஷார் ஆட்சி உறுதியானது. தெற்கே திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பட்டி, உப்பு, கருவாடு ஏற்றிய மாட்டு வண்டிகள் வடக்கே வரத் தொடங்கின. அந்த வியாபாரிகளில் பலர் நாடார் சமூகத்தினர். வழியில் கொள்ளை பயம் இருந்ததால், இரவில் வண்டிகளை நிறுத்தவும் சரக்கைப் பாதுகாக்கவும் சுற்றுச்சுவர் வைத்த இடங்களைக் கட்டினார்கள். அவற்றுக்குப் பெயர் பேட்டை.

பேட்டைகளைச் சுற்றிக் குடியேற்றங்கள் வளர்ந்தன. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-ல் வெளியான தன் நூலில், அன்றைய ராமநாதபுரம் பகுதியில் இப்படி வளர்ந்த 6 ஊர்களைக் குறிப்பிடுகிறார். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை. இதில் கடைசி இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். மதுரை - தூத்துக்குடி ரயில் பாதை வந்தபோது அது விருதுநகர் வழியாகப் போனது. பிறகு மண்டிகள் பெருகக் கேட்க வேண்டுமா?

மண்டியில் மொத்தமாக இறங்கும் மூட்டை, அங்கிருந்து சின்ன ஊர்களின் கடைகளுக்குப் போகும். மண்டிக்காரர் கடைக்காரருக்குத் தவணை கொடுப்பார். கடைக்காரர் ஊர்க்காரருக்குப் பற்று எழுதுவார். நோட்டு என்பது தனி ஒருவரின் தாராள மனசு மட்டும் இல்லை. அது ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி.

ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் காசு: மகமை

அன்று நாடார்களுக்குப் பல கோயில்களுக்குள் நுழையவே அனுமதி இல்லை. 1897-ல் கமுதி கோயிலுக்குள் நுழைந்ததை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1899-ல் சிவகாசியில் பெரிய கலவரம் நடந்தது.

இந்தச் சூழலில் கடை என்பது வெறும் பிழைப்பாக மட்டும் இருக்கவில்லை. விற்கும் சரக்கில் ஒரு சிறு பங்கை எல்லா வியாபாரிகளும் பொது நிதிக்குக் கொடுத்தார்கள். அதுதான் மகமை. உறவின்முறை என்ற ஊர் அமைப்பு அதை நிர்வகித்தது. பேட்டை, கிணறு, கோயில் என்று தொடங்கிய செலவு பள்ளிக்கூடம் வரை போனது.

விருதுநகரில் தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்ததுதான். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி ஒதுக்கி அதற்கு உதவிய கதை அந்த ஊரில் பிரபலம். அங்கே படித்த ஒரு பையன் பாதியில் படிப்பை விட்டுவிட்டுத் தாய்மாமன் ஜவுளிக்கடையில் வேலைக்குப் போனான். அவர்தான் காமராஜர். 1954-ல் முதலமைச்சரானார்.

கடன் கொடுக்கவும் சொந்தமாக ஓர் அமைப்பு தேவைப்பட்டது. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான்.

ஒரு அணாவுக்கு எத்தனை பைசா?

கடைக்காரர்களுக்கு முதல் பெரிய 'அப்டேட்' வந்தது 1957 ஏப்ரல் 1 அன்று. அதுவரை ரூபாய்க்கு 16 அணா. அன்று முதல் 100 நயா பைசா. ஒரு அணா என்பது 6.25 பைசா. அப்படியென்றால் ஓரணாப் பொருளுக்கு 6 பைசா வாங்குவதா, 7 பைசா வாங்குவதா? கால் பைசாவுக்கு நாணயம் ஏது!

அடுத்து 1958 முதல் படிப்படியாக எடைக்கற்களும் மாறின. வீசையும் பலமும் போய் கிலோவும் கிராமும் வந்தன. 40 பலம் ஒரு வீசை, அது சுமார் 1.4 கிலோ. முகத்தலில் 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி. சட்டம் மாறினாலும் வாய் மாற ரொம்ப நாள் ஆனது. "ஒரு உழக்கு அரிசி போடு" என்று சொல்லும் பாட்டிகளை இன்றும் பார்க்கலாம்.

அப்போதெல்லாம் கடையில் எல்லாமே மூட்டையிலும் டின்னிலும்தான் இருக்கும். நிறுத்து, பழைய பேப்பரில் மடித்து, நூல் சுற்றிப் பொட்டலமாகத் தருவார்கள். குழந்தை கையில் கொசுறாகக் கொஞ்சம் பொரிகடலை. தரத்துக்கு உத்தரவாதம் எந்த பிராண்டும் இல்லை, கடைக்காரரின் பேர்தான்.

நோட்டுக்குள் எவ்வளவு பணம் தூங்குகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீட்டுக்கு மாதம் 3,000 ரூபாய் மளிகை என்று வைத்துக்கொள்வோம். விதைப்பிலிருந்து அறுப்பு வரை 4 மாதம். வீட்டுக்கு 12,000 ரூபாய். 40 வீடுகள் இப்படி வாங்கினால் கடைக்காரரின் 4.8 லட்சம் ரூபாய் வெளியே நிற்கும். இந்தப் பணத்தை அவர் மாதம் 1 சதவீத வட்டிக்கு வாங்கியிருந்தால், பற்று உச்சத்தில் இருக்கும் மாதத்தில் வட்டி மட்டுமே 4,800 ரூபாய்.

மழை பொய்த்தால்? அடுத்த வெள்ளாமை வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் மண்டிக்காரர் கேட்பார்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்று தோன்றும். ஒழுங்காக எழுதிய கணக்குப் புத்தகத்தைச் சட்டம் சாட்சியமாக ஏற்கும். ஆனால் அதை மட்டுமே வைத்து ஒருவர் மீது கடனைச் சுமத்த முடியாது. 1872-ம் ஆண்டின் சாட்சியச் சட்டம் சொன்ன இந்த விதி, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. விற்ற சரக்குக்கான பாக்கிக்கு வழக்குப் போட பொதுவாக 3 ஆண்டுதான் அவகாசம். 5,000 ரூபாய் பாக்கிக்கு யார் வக்கீல் வைப்பார்கள்? ஆக, நோட்டு ஓடுவது சட்டத்தால் இல்லை, ஒருவரையொருவர் தெரியும் என்பதால்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பாக்கி இருக்கும் வரை வேறு கடைக்குப் போகத் தயக்கம் இருக்கும். விலை கொஞ்சம் கூட இருந்தாலும் பேரம் பேச முடியாது. யாருக்கு எழுதுவது, யாருக்கு எழுதாமல் இருப்பது என்பது கடைக்காரர் கையில். ஊருக்குப் புதுசா வந்தவர், நிலம் இல்லாதவர், சாதியால் ஒதுக்கப்பட்டவர் போன்றவர்களுக்கு அந்த நோட்டில் இடம் கிடைப்பது அவ்வளவு சுலபம் இல்லை. 'வட்டி இல்லாக் கடன்' என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான்.

அரிசி போச்சு, சாஷே வந்தது

ரேஷன் கடைகள் வந்த பிறகு நோட்டின் முதல் வரியே மாறியது. தமிழ்நாட்டில் 2008-ல் ரேஷன் அரிசி கிலோ 1 ரூபாய். 2011 ஜூன் முதல் இலவசம். பட்டினி பயத்தைப் போக்கிய திட்டம் அது. ஆனால் மளிகைக் கடைக்கு அதிகம் ஓடிய சரக்கே அரிசிதானே!

அந்த இடத்தைப் பிடித்தது பாக்கெட். 1983-ல் கடலூரில் தொடங்கிய சிக் ஷாம்பு, சாஷே வியாபாரத்தைக் கிராமங்கள் வரை கொண்டுபோனது. பிறகு மசாலா, ஹேர் ஆயில், காபித்தூள் எல்லாம் சின்னப் பாக்கெட்டாகி கடை வாசலில் தோரணமாகத் தொங்கின. வாங்குபவருக்கு லாபம்: கையில் இருக்கும் சில்லறைக்கு ஏற்ற அளவு. கடைக்காரருக்குச் சிக்கல்: விலை பாக்கெட்டிலேயே அச்சாகி வந்துவிடும். அதில் தரமும் அவர் பேரில் இல்லை, லாபமும் அவர் முடிவில் இல்லை.

2012-ல் பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தபோது, தமிழ்நாடு அரசு இங்கே வேண்டாம் என்றது. வணிகர் சங்கங்களும் கடுமையாக எதிர்த்தன. மே 5-ஐ வணிகர் தினமாகக் கொண்டாடும் அந்தச் சங்கங்களுக்கு இன்றும் பெரிய கவலை ஆன்லைன் விற்பனைதான்.

கியூஆர் கோடு வந்த பிறகு நோட்டு எதற்கு?

2016 முக்கியமான ஆண்டு. ஏப்ரலில் யுபிஐ அறிமுகமானது. நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. பண நோட்டு இல்லாத அந்த நாள்களில் கைகொடுத்தது கணக்கு நோட்டு. தெரிந்த முகத்துக்கு எழுதிக் கொடுக்க ஏடிஎம் தேவையில்லையே.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி, 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. பேப்பர் பொட்டலமும் மஞ்சப்பையும் மறுபடி கடைக்குள் வந்தன. 2020 மார்ச்சில் ஊரடங்கு. எல்லாம் மூடியிருந்தபோது அத்தியாவசியக் கடை என்று திறந்திருந்தது மளிகைக் கடை. வேலை நின்று, வருமானம் நின்ற வீடுகளுக்கு அப்போதும் பற்று எழுதித்தான் அடுப்பு எரிந்தது.

இன்று கல்லாப்பெட்டி பக்கத்தில் கியூஆர் கோடு அட்டை நிற்கிறது. ஆனால் யுபிஐ தீர்ப்பது 'எப்படிக் கட்டுவது' என்ற கேள்வியை மட்டும்தான். 'இப்போது கையில் காசு இல்லை, என்ன செய்வது' என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. நகைக்கடனும் குழுக்கடனும் பெரிய தொகைக்கு உதவும். அரை கிலோ துவரம்பருப்புக்கு யாரும் நகையை அடகு வைக்கப் போவதில்லை.

மாறியிருப்பது வேறு ஒன்று. மல்லாங்கிணறு மாதிரி ஊர்களிலிருந்து படித்துவிட்டு மதுரை, கோவை, சென்னை என்று வேலைக்குப் போனவர்கள் ஏராளம். ஊரில் அம்மா பற்று எழுதி வாங்கும் சாமானுக்கு, மகளோ மகனோ சம்பளத் தேதியில் போனிலேயே பணம் அனுப்பிவிடலாம். தை மாதம் வரை காத்திருந்த பாக்கி இப்படி மாதாமாதம் அடைகிறது.

கடைக்காரருக்கு இது நிம்மதி. ஆனால் வெளியூரில் சம்பளக்காரர் இல்லாத, மானாவாரி நிலத்தை மட்டுமே நம்பிய வீடுகளும் அதே தெருவில் இருக்கின்றன. ரொக்கம் தருபவர் வேறு கடைக்கும் ஆன்லைனுக்கும் போய்விட்டால், கடன் கேட்பவரை மட்டும் வைத்து ஒரு கடையால் எத்தனை நாள் தாங்க முடியும்?

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், கடையில் பாக்கி எவ்வளவு என்று. இருந்தால் நேரில் போய்க் கொடுத்துவிட்டு, அந்த மாதத்துச் சாமானையும் அங்கேயே வாங்குங்கள். ஐப்பசியில் விதைப்பு தொடங்கும்போது, பக்கத்து வீட்டுக்கு எழுதிக் கொடுக்க அண்ணாச்சியிடம் அந்த ரொக்கம் இருக்கும்.