உரையாடும் பொறியும் அன்றன்றைய சொற்களும்

மனிதருடன் எழுத்து மூலமாகவோ குரல் மூலமாகவோ உரையாடும் பொறி 'சாட்பாட்' எனப்படும். இத்துறையின் முன்னோடியாகிய எலிஸாவைப் பற்றி, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் 1966ஆம் ஆண்டில் விவரித்து எழுதினார். முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்ட விதிகளைக் கொண்டே அது விடையளித்தது.

இக்காலப் பொறிகளுள் பல, மாதிரி வாக்கியங்களால் பயிற்றுவிக்கப்படுகின்றன. ஒருவர் டாக்டரைக் காண நேரம் கேட்டால், அவரது நோக்கம் இன்னது என்பதையும், வாக்கியத்தில் டாக்டரின் பெயர் எது என்பதையும் அவை பிரித்தறிகின்றன. ஆயின், பயிற்சி முடிந்த பின்னர் மருத்துவமனையில் பணியேற்ற டாக்டரின் பெயரைப் பொறி எங்ஙனம் அறியும்? பட்டியல் மாறுந்தோறும் பயிற்சியைப் புதுப்பிப்பது எளிதன்று.

இக்குறையை நீக்கவே, உரையாடல் நிகழும்போதே சொற்களை வழங்கும் முறை ஏற்பட்டது. கூகிள் நிறுவனத்தின் டயலாக்ஃப்ளோவில், ஓர் உரையாடலுக்கு மட்டும் உரிய பெயர்ப் பட்டியலை அளிக்கலாம். அது பழைய பட்டியலுக்குப் பதிலாகவோ, அதனுடன் சேர்ந்தோ பயன்படும். பிறருடைய உரையாடல்களை அது பாதிப்பதில்லை, நிலையாகத் தங்குவதுமில்லை. அமேசான் நிறுவனத்தின் லெக்ஸ், பேச்சைக் கேட்கும்போது, எதிர்பார்க்கத்தக்க பெயர்களைக் குறிப்புகளாகப் பெறவல்லது. ஒலியில் நெருங்கிய சொற்களுக்கிடையே ஐயம் எழுந்தால், குறிப்பில் உள்ள சொல்லின் பக்கமே அது சாயும்.

இச்சாய்வே நன்மைக்குக் காரணம். எச்சரிக்கைக்கும் காரணம் அதுவே. நோயாளி கமலாவின் பெயர் குறிப்பாக அளிக்கப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். அழைத்தவர் 'விமலா' என்று கூறினாலும், தொலைபேசியில் ஒலி தெளிவாக இல்லையெனில், பொறி அதைக் 'கமலா' என்று பதிவு செய்யக்கூடும். அப்பதிவை நம்பி மருந்து விவரங்களை வெளியிட்டால், ஒருவருடைய அந்தரங்கம் மற்றொருவருக்குத் தெரிந்துவிடும். தவறான மருந்தை உட்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

ஆகவே, பெயரை இனங்காண்பது வேறு, ஆளை உறுதிசெய்வது வேறு என்பதை இப்பொறிகளை அமைப்போர் உணர்தல் வேண்டும். டாக்டர்களின் பட்டியலைத் தாராளமாக அளிக்கலாம். அழைத்தவர் யார் என்பதை நிச்சயிக்கும் விடைக்கோ, குறிப்பு எதுவும் அளித்தலாகாது. பிறந்த தேதி போன்ற வேறொரு விவரத்தைக் கேட்டு ஒப்பிட்ட பின்னரே ஏட்டைத் திறத்தல் வேண்டும். அப்பொழுதும் ஐயம் நீங்காவிடில், அழைப்பை மருத்துவமனை ஊழியரிடம் ஒப்படைப்பதே தக்கது.