ஒலி உணர்த்தும் பழுது

வடசென்னை ஊர்திகளோடு நெடிய உறவுடையது. எண்ணூரில் அசோக் லேலண்ட் சரக்குந்துகளும் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களும் உருவாயின. அருகிலுள்ள வண்ணாரப்பேட்டையில் பழுது நீக்குவோர்க்கும் செவியே முதற்கருவி.

மகிழுந்தின் வேகத்தைக் கூட்டுகையில் எஞ்சின் மீதான சுமை மிகுகிறது. மறைந்திருந்த குறை அப்போது ஒலியாக வெளிப்படுகிறது. கிறீச்சொலி, பெல்ட் தளர்ந்ததையோ தேய்ந்ததையோ காட்டும். 'புஸ்புஸ்' என்னும் ஒலி, புகைக்குழாய் இணைப்பில் கசிவு இருப்பதைக் குறிக்கும்.

உலோகத்தைத் தட்டுவது போன்ற 'டக்டக்' ஒலியைக் கூர்ந்து ஆராய வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி மூட்டிய சுடர் முழுவதும் பரவுமுன், எஞ்சிய எரிகலவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானே வெடிப்பதால் இவ்வொலி எழலாம். நீடித்தால் பிஸ்டன் சேதமுறும். உரிய ஆக்டேன் எண்ணுடைய பெட்ரோலை நிரப்புதல், படிந்த கரியை அகற்றுதல், தீப்பொறி எழும் நேரத்தைச் சீராக்குதல் ஆகியன தீர்வுகளாகும்.

எஞ்சினின் அடிப்பகுதியில் கனத்த இடியொலி கேட்டால், வண்டியை உடனே நிறுத்தி எண்ணெயின் அளவைப் பார்க்க வேண்டும். தேய்ந்த பேரிங்குடன் தொடர்ந்து ஓட்டினால் கிராங்க் தண்டே பழுதாகும். சிறுசெலவில் முடிவது பெருஞ்செலவாகும்.

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்தபின்னரே தீர்வு தேடுக என வள்ளுவர் மருத்துவர்க்கு உரைத்த நெறி, எஞ்சினுக்கும் பொருந்தும். காரணம் அறியாமல் உறுப்பை மாற்றினால் பணம் போகும், ஒலி போகாது.