முதல் நாளிலேயே ஒரு வகுப்பு

கேரளத்தில் பொன்முடி அடிவாரத்துக் கல்லாற்றிலிருந்து இறங்கி, விதுரா, பாலோடு, மடத்தறை என்று வடக்கே போனால் குளத்துப்புழை வரும். அங்குள்ள அரசு ரப்பர் தோட்டம் ஓர் ஒப்பந்தத்தால் உருவானது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட அந்த ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களுக்கு வேலை கொடுக்கவே, புனலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தோட்ட நிறுவனம் 1976இல் அமைக்கப்பட்டது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் அகதிகள் அல்ல, தாயகம் திரும்பியவர்கள். ஆனால் வந்த பிள்ளைகளுக்கு இலங்கைதான் பிறந்த மண். வீட்டிலும் பால்வெட்டும் இடத்திலும் தமிழ் போதும். தாலுகா ஆபீசிலும் ஆஸ்பத்திரியிலும் மலையாளம் வேண்டும். கூலியும் குடியிருப்பும் கிடைத்தால் மறுவாழ்வு ஆயிற்று என்பது அந்தக் காலத்துக் கணக்கு. பெரியவர்கள் அதை வைத்துக் காலத்தை ஓட்டிவிடலாம். தோட்டத்தை விட்டு வெளியே போய்ப் பிழைக்க நினைக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது போதாது. ஊர்விட்டு வரும் இளையவர்களுக்கு ரேஷனோடும் கூரையோடும் சேர்த்து, வந்த உடனேயே மொழி வகுப்பும் கிடைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இதற்கு நல்ல சாட்சி டென்மார்க்கில் கிடைக்கிறது. அந்த நாட்டுக்கும் தமிழர்களுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1980களின் இறுதியில் அங்கிருந்த ஈழத் தமிழ் அகதிகளின் குடும்பங்கள் வந்து சேர முடியாதபடி நீதியமைச்சர் நின்-ஹான்சன் விண்ணப்பங்களை முடக்கினார். அந்த விவகாரம் முற்றி 1993 ஜனவரியில் பிரதமர் ஷ்லூட்டரின் ஆட்சியே கவிழ்ந்தது. கதை அங்கே அரசியல் ஊழலாகத்தான் பேசப்படுகிறது. காத்திருந்த பிள்ளைகளின் பள்ளி வயது அதற்குள் கரைந்ததைப் பேசியவர்கள் குறைவு. பிறகு 1999 ஜனவரி 1 முதல் டென்மார்க் அகதிகளுக்கான மொழி வகுப்புகளைப் பெரிதாக்கியது. ஒருவருக்கு அகதி அந்தஸ்து அந்தத் தேதிக்குச் சற்று முன் கிடைத்ததா, சற்றுப் பின் கிடைத்ததா என்பது தற்செயல்தான். ஆகவே இரு தரப்பையும் ஒப்பிட ஆய்வாளர்களுக்கு வசதியாயிற்று. பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், கூடுதல் வகுப்பு கிடைத்தவர்களில் வேலையில் இருந்தவர்களின் பங்கு சுமார் 4 விழுக்காட்டுப் புள்ளிகள் அதிகம், வருமானமும் கூடுதல். அவர்களுடைய மகன்கள் பள்ளிப் படிப்பை முடிப்பது கூடியது, குற்ற வழக்குகளில் சிக்குவது குறைந்தது. அதே சீர்திருத்தம் புதிதாக வந்தவர்களின் உதவித்தொகையையும் வெட்டியது. பட்டினி போட்டால் வேலை தேடுவார்கள் என்ற நம்பிக்கைதான். ஆனால் நீடித்து நின்றது வகுப்பின் விளைவுதான்.

பிள்ளைகள்தானே, தெருவில் விளையாடியே கற்றுக்கொள்வார்கள், இதற்கு ஏன் தனி வகுப்பு என்று கேட்பார்கள். பாதி உண்மை. கனடாவில் ஜிம் கம்மின்ஸ் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. பேச்சு மொழி ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடும்; பாடப்புத்தகத்தின் மொழி கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். சரளமாகப் பேசுகிற பிள்ளை கணக்கில் தோற்றால் மந்தம் என்று முத்திரை விழுகிறது. வினாத்தாளில் உள்ள வாக்கியமே அவனுக்குப் புரியவில்லை என்பது யாருக்கும் தோன்றாது.

திரும்பிப் போகப் போகிறவர்களுக்கு எதற்குச் செலவு என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டு முகாம்களுக்கு 1983 முதல் வந்தவர்களும் சீக்கிரம் திரும்புவோம் என்றுதான் நினைத்தார்கள். இன்று முகாமிலேயே பிறந்து பெற்றோரானவர்கள் இருக்கிறார்கள். மொழி ஒன்றாக இருந்ததால் அவர்களுடைய பிள்ளைகள் நேராகப் பள்ளிக்குப் போனார்கள். குடியுரிமை இல்லாவிட்டாலும் படிப்பு நிற்கவில்லை. முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்கும் வகுப்பு வேண்டும் என்பதை ஜெர்மனி தாமதமாகப் புரிந்துகொண்டது. 2005இல் தொடங்கிய அதன் ஒருங்கிணைப்பு வகுப்புகள் அகதிகளில் தஞ்சம் உறுதியானவர்களுக்குத்தான் கிடைத்தன. 2015இல் சில நாட்டு விண்ணப்பதாரர்களுக்கும், 2022 முடிவில் எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் கதவு திறந்தது. சுவிட்சர்லாந்தில் செய்த ஓர் ஆய்வோ, தஞ்ச முடிவுக்காகக் காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் பிற்பாடு வேலை கிடைக்கும் வாய்ப்பை 4 முதல் 5 புள்ளிகள் வரை குறைப்பதாகக் காட்டுகிறது.

மூன்றாவது தயக்கம் நியாயமானது: புது மொழி தாய்மொழியைத் தின்றுவிடாதா? வகுப்பு எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்தது அது. எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017இல் பினானிபுரம் அரசுப் பள்ளியில் தொடங்கிய ‘ரோஷ்னி’ திட்டத்தைப் பாருங்கள். வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பள்ளி மணி அடிக்கும் முன்பே வந்தார்கள். சிற்றுண்டி கிடைத்தது. இந்தியோ வங்காளமோ தெரிந்த ஒருவர், பிள்ளையின் சொல்லில் தொடங்கி மலையாளச் சொல்லுக்குக் கொண்டுபோனார். தாய்மொழி அங்கே ஏணி. பெரியவர்களுக்கு மாநில எழுத்தறிவு இயக்கம் அதே ஆண்டு பெரும்பாவூரில் ‘சங்ஙாதி’யைத் தொடங்கியது, ‘ஹமாரி மலையாளம்’ என்ற பாடநூலும் வந்தது.

இந்த வெளிமாநிலத்தவர்கள் யாரும் அகதிகள் அல்ல; அகதிகளின் நிலையோ வேறு. இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. ஆகவே ஐதராபாத்திலோ டெல்லியிலோ இருக்கும் ரோஹிங்கியாப் பிள்ளைக்கு மொழி வகுப்பைக் கேட்டு வாங்கும் உரிமை கிடையாது. தொண்டு நிறுவனம் நடத்தினால் உண்டு. சட்டம் வரும்போது வரட்டும். பள்ளி திறக்கும் முன் ஒன்றரை மணி நேரம், பிள்ளையின் மொழி அறிந்த ஓர் ஆள், காலைச் சாப்பாடு: பினானிபுரம் இவ்வளவை வைத்துத்தான் தொடங்கியது.