பகிர்ந்த படம் பத்திரமாக இருக்கும்

மாதத்தின் முதல் சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுத் தார்சாவில் பத்தமடைப் பாயை விரித்துவிடுவேன். மூன்று மணிக்கெல்லாம் ஒவ்வொருவராக வந்துவிடுவார்கள். இரண்டு பேர் இங்கே பாளையங்கோட்டையிலேயே இருப்பவர்கள். மற்ற மூவரும் சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டி வருகிறவர்கள்.

ஆளுக்கு ஒரு போட்டோ கொண்டுவர வேண்டும். ஒன்றே ஒன்றுதான். அதை எப்படி எடுத்தோம் என்று சொல்ல வேண்டும். பார்க்கிறவர்கள் ஒரு நிறையும் ஒரு குறையும் சொல்ல வேண்டும். "நல்லாருக்கு" என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ளக் கூடாது! அப்புறம்தான் காப்பியும் சுசியமும்.

எங்களில் யாரும் தொழில்காரர்கள் இல்லை. ஒருத்தியிடம் அப்பா கொடுத்த பழைய பிலிம் காமிரா, இன்னொருத்தியிடம் டிஜிட்டல் காமிரா, மற்றவர்களிடம் செல்போன். நிபந்தனை ஒன்று உண்டு. செல்போனிலேயே தள்ளித் தள்ளிக் காட்டக் கூடாது. கடையில் கொடுத்து இரண்டு பிரதி போட்டுக்கொண்டு வர வேண்டும். ஒன்று எடுத்தவளுக்கு, இன்னொன்று எங்கள் மாடியில் இருக்கும் தகரப் பெட்டிக்கு. "எதுக்கு ரெண்டு? வீண் செலவுல்லா?" என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்கள் உண்டு. அது வீண் இல்லை என்று நாங்கள் தெரிந்துகொண்ட கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் படங்களைப் பார்ப்போம்.

ஜன்னலோரத்து மாமியார்

மீனாட்சிபுரத்து மைனி முதல்முதலாகக் கொண்டுவந்த படம் இது. அவருடைய மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறார். முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் மெல்லிய நிழல். சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிகிறது. பாம்படக் காதும் தெரிகிறது.

"ஸ்டூடியோவுல எடுத்ததா மைனி?"

"இல்லட்டி, நம்ம அடுக்களை ஜன்னல்தான். லைட்டை அணைச்சேன், பிளாஷையும் அணைச்சேன். அவ்வளவுதான் நான் செஞ்சது."

பிளாஷ் நேராக அடித்தால் முகம் தோசைக்கல் மாதிரித் தட்டையாகிவிடும். பக்கவாட்டிலிருந்து வரும் ஜன்னல் வெளிச்சம்தான் முகத்துக்கு மேடு பள்ளத்தைக் கொடுக்கும். வெயில் நேராக உள்ளே விழாத ஜன்னலாகப் பாருங்கள். ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். நீங்கள் ஜன்னலை ஒட்டிய சுவரோரம் நின்று எடுங்கள். நிழல் பக்கம் ரொம்பக் கறுத்துப் போனால், அந்தப் பக்கம் யாரையாவது ஒரு வெள்ளை வேட்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும். முக்கியமாக, "சிரிங்க அத்தை" என்று சொல்லாதீர்கள். கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் முகம் தானாக இயல்பாகிவிடும்.

குழந்தையைப் படமெடுக்கக் கீழே உட்காருங்கள்

நின்றுகொண்டு எடுத்தால் குழந்தை உச்சந்தலையும் மூக்குமாகத்தான் தெரியும். தரையில் உட்காருங்கள், தேவையானால் படுத்துக்கொள்ளுங்கள். காமிரா குழந்தையின் கண் மட்டத்துக்கு வர வேண்டும். ஓடுகிற பிள்ளை என்றால் காமிராவில் ஷட்டர் வேகத்தை 1/500 வினாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் என்றால் வெளிச்சமான முற்றத்துக்கு அழைத்து வந்து, வரிசையாகப் பத்துப் படம் தட்டி, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தை குளிக்கிற படம் உங்கள் ஆல்பத்தோடு இருக்கட்டும். சொந்தக்காரர்கள் குழுவில்கூடப் போட வேண்டாம். ஒரு தடவை கைவிட்டுப் போனால் அது எங்கெல்லாம் சுற்றும் என்று யாருக்குத் தெரியும்?

அப்பளம் சொல்லிக் கொடுத்த பாடம்

ஒருத்தி கல்லிடைக்குறிச்சியில் பிறந்து வளர்ந்தவள். ஊருக்குப் போனபோது அப்பளம் வெயிலில் காய்வதைப் படமெடுத்து வந்தாள். வெள்ளை வெளேர் என்று இருக்க வேண்டிய அப்பளம் சாம்பல் பூத்தது மாதிரி இருந்தது. ஏன்? காமிராவுக்கு அப்பளம் தெரியாது, கரிச்சட்டியும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரமான சாம்பல் நிறமாக்கத்தான் பார்க்கும். அதனால் வெள்ளைப் பொருள் நிறைந்த படத்துக்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். கறுப்புப் பொருளுக்குக் குறையுங்கள். செல்போனில் திரையைத் தொட்டால் ஒரு சூரியக் குறி வரும். அதை மேலே தள்ளினால் கூடும், கீழே தள்ளினால் குறையும். மறுமாதம் அவள் கொண்டுவந்த அப்பளத்தைக் கையில் எடுத்து நொறுக்கலாம் போல இருந்தது!

குறுக்குத்துறையில் விடியற்காலை

ஆற்றை யார் எடுக்கவில்லை? ஆனால் மத்தியானம் 12 மணிக்கு எடுத்தால் தாமிரபரணியும் வெளுத்துத்தான் போகும். சூரியன் உதித்து ஒரு மணி நேரம், மறைவதற்கு முன் ஒரு மணி நேரம், இந்த இரண்டும்தான் ஆற்றுக்கு உகந்த நேரம். மார்கழியில் குறுக்குத்துறை முருகன் கோயிலைச் சுற்றித் தண்ணீரின் மேல் பனி மிதக்கும்போது, படியில் துணி துவைக்கிற ஒருத்தியோ குடத்தோடு போகிற ஒருத்தியோ படத்துக்குள் இருந்தால் ஆறு எவ்வளவு பெரிது என்பது தெரியும். ஆளில்லாத ஆறு வெறும் காலண்டர் படம். ஒன்று, பாசி பிடித்த படியில் காமிராவைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகராதீர்கள். முதலில் காலைப் பாருங்கள், அப்புறம் படம்.

பொறுமைக்கு ஓர் ஆசிரியர்

நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்துக்கு ஒரு தடவை எல்லோருமாகப் போனோம். அங்கே பறவைகள் வீட்டுக் கொல்லை மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. பறவை மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர் அது. 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். கிட்டே போய் எடுக்கத் துடித்தோம். ஊர்க்கார ஆச்சி ஒருவர், "பைய தாயி, பைய. தாய்ப்பறவை பறந்துட்டுன்னா குஞ்சு வெயில்ல கருகிரும்" என்றார். அன்றைக்கு வாலைத் தவிர எதுவும் படத்தில் விழவில்லை. ஆனால் பெரிய பாடம் கிடைத்தது.

அந்தப் பாடத்தை வாழ்நாளெல்லாம் கடைப்பிடித்த ஒருவர் நம் திருநெல்வேலியில் பிறந்தவர் என்பது தெரியுமோ? அவர்தான் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912-ல் பிறந்தார். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில்தான் படமெடுத்தார். விலையுயர்ந்த காமிரா ஒன்றும் இல்லை. பல காமிராக்களின் பாகங்களைத் தாமே பொருத்தி ஒன்றைச் செய்துகொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார்! 1950 முதல் 1996-ல் மறையும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றி எழுதிவந்தார். காமிராவின் விலை அல்ல, காத்திருக்கிற பொறுமைதான் படம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"பொம்பிளைக்கு எதுக்கு இந்தக் காமிரா?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறோம். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா. தொடக்கத்தில் அவருடைய படங்கள் கணவர் பெயரில்தான் அச்சாயின. அதே ஹோமாய்க்கு 2011-ல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது.

வெள்ளம் வந்த மார்கழி

இனி, சொல்வதாகச் சொன்ன கதை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை கொள்ளாமல் வந்தது. மைனி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். உயிர் தப்பியதே புண்ணியம். வடிந்தபிறகு போய்ப் பார்த்தோம். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்கள் சேறும் சகதியுமாக ஒட்டிக்கிடந்தன. செல்போனும் தண்ணீரில் போயிற்று. மாமியார் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மைனி அழவில்லை. ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

நனைந்த படங்களை எப்படிக் காப்பாற்றுவது என்று அன்றைக்குத் தேடித் தெரிந்துகொண்டோம். உங்களுக்கும் உதவும்:

• ஒன்றோடொன்று ஒட்டியபடி காய விடாதீர்கள். காய்ந்தால் பிரிக்கவே முடியாது. சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு, மெல்லப் பிரியவிடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் ஊறவும் கூடாது.

• படத்தின் முகப்பைத் துடைக்காதீர்கள். தண்ணீரில் அலசினால் போதும்.

• நிழலில், படம் மேலே தெரிய, பழைய வேட்டியில் பரப்புங்கள். கொடியில் கிளிப் மாட்டியும் தொங்கவிடலாம். வெயிலும் வேண்டாம், இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம்.

• கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிக் காய்ந்துபோன படத்தைப் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடேயே செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

• வீட்டில் இங்க் பிரிண்டரில் போட்ட படம் என்றால் தண்ணீரில் போட வேண்டாம், சாயம் போய்விடும். அப்படியே காய வையுங்கள்.

இப்படி அறுபதுக்கு மேல் படங்களைக் காப்பாற்றினோம். மாமியார் படம் மட்டும் கூழாகிப் போயிருந்தது.

அப்போதுதான் எனக்குத் தகரப் பெட்டி ஞாபகம் வந்தது. வீட்டுக்கு ஓடிவந்து மாடியில் திறந்தால், முருங்கைக்கீரை உருவிக்கொண்டு மாமியார் அப்படியே உட்கார்ந்திருந்தார். பின்பக்கம் பென்சிலில் மைனியின் கையெழுத்து: பெயர், ஊர், தேதி. கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் மைனி அழுதார்.

அன்றிலிருந்து எங்கள் நிபந்தனை கூடிவிட்டது. முக்கியமான படம் மூன்று இடத்தில் இருக்க வேண்டும். அதில் ஒன்று கண்டிப்பாக வேறு வீட்டில், வேறு ஊரில் என்றால் இன்னும் நல்லது. ஆல்பம் பரணிலோ மேல்தட்டிலோ இருக்க வேண்டும்.

இன்னொன்றும் கண்டுபிடித்தோம். காய வைத்த அந்த அறுபது படங்களில் மைனி இருந்தது நாலே நாலில்! எல்லாவற்றையும் எடுத்தவர் அவர்தானே. உங்கள் வீட்டு ஆல்பத்தையும் எண்ணிப் பாருங்கள். காமிராவில் டைமர் வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பிள்ளைகளோடு நின்றுகொள்ளுங்கள். தலை கலைந்திருந்தால் என்ன, சேலை கசங்கியிருந்தால் என்ன? நாளைக்கு உங்கள் பேத்தி தேடப்போவது அந்த முகத்தைத்தான்.

வருகிற சனிக்கிழமை நான் கொண்டுபோகப் போகும் படம் எது தெரியுமா? மைனி, தம் வீட்டு ஜன்னலோரத்தில், முருங்கைக்கீரை உருவுகிற படம்.